சும்மா இருப்பவர்களின் கணக்கு

1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 28 பேர் உழைப்பவர்கள். பத்தே ஆண்டுகள் கழித்து, 1971 கணக்கெடுப்பில், அது ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. கோடிக்கணக்கான பெண்கள் களையெடுப்பதையும் நாற்று நடுவதையும் நிறுத்திவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்களா? இல்லை. கேள்விதான் மாறியது. 1961இல், பருவகால வேலைகளில், பருவத்தின் பெரும்பகுதியில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேலை செய்தாலே ஒருவர் உழைப்பாளி. 1971இல் ‘உங்கள் முதன்மையான வேலை என்ன?’ என்று கேட்டார்கள். பெண் சொன்னாள், அல்லது அவளுக்காக வாசலில் நின்ற ஆண் சொன்னான்: வீட்டு வேலை. அவ்வளவுதான். அவள் உழைக்காதவர்கள் வரிசைக்குப் போய்விட்டாள்.

எங்கள் கல்லூரியில் புள்ளியியல் கற்பிக்கும் தோழி ஒருவர் இந்த இரண்டு எண்களைத்தான் முதல் வகுப்பில் பலகையில் எழுதுவார். தமிழ் படித்தவளான நான் அந்த வகுப்புக்குள் போனது கலைச்சொற்களுக்காக. திருப்பத்தூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளில் பலர் தமிழ்வழியில் படித்தவர்கள். கணிசமானோர் வீட்டில் உருது பேசுகிறவர்கள். ஆங்கிலப் பாடநூலில் மிரட்டும் சொற்கள் தமிழில் வரும்போது கொஞ்சம் இளகுகின்றன. அதிகம் திரும்பத் திரும்ப வரும் எண்ணுக்கு ‘முகடு’ என்று பெயர் வைத்தவர் யாரோ, அவருக்குக் கவிதை தெரிந்திருக்க வேண்டும். புள்ளி என்றால் கோலப் புள்ளியும் உண்டு. எந்தப் புள்ளியை விட்டால் கோலம் கெடும் என்று நம் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

விடுபட்ட புள்ளிகளை முதலில் தேடியவர்களும் பெண்கள்தாம். 1971இல் அமைக்கப்பட்ட பெண்கள் நிலை பற்றிய குழு, 1974 இறுதியில் ‘சமத்துவத்தை நோக்கி’ என்ற அறிக்கையைத் தந்தது. பூல்ரேணு குஹா தலைவர், வீணா மஜும்தார் செயலர். விடுதலைக்குப் பின் பெண்களின் நிலை ஏறுமுகம் என்று நம்பிக்கொண்டிருந்த படித்த வர்க்கத்தை, பாலின விகிதமும் வேலைப் பங்கேற்பும் சரிந்ததைக் காட்டி அந்த அறிக்கை உலுக்கியது. அடுத்து, டெல்லி மிராண்டா ஹவுஸ் கல்லூரியில் பொருளியல் கற்பித்த தேவகி ஜெயின், 1970களின் பிற்பகுதியில் ராஜஸ்தான், மேற்கு வங்கக் கிராமங்களில் ஒரு காரியம் செய்தார். ‘என்ன வேலை செய்கிறாய்?’ என்ற கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, பெண்களின் நாள் எப்படிக் கழிகிறது என்று நேரம் நேரமாகப் பதிவு செய்ய வைத்தார். பதிவேட்டில் ‘வீட்டு வேலை’ என்றிருந்த பெண்கள் வயலிலும் மாட்டுத் தொழுவத்திலும் உழைத்துக்கொண்டிருந்தார்கள். 1991 கணக்கெடுப்பின் கேள்வியில் ‘பண்ணையிலோ குடும்பத் தொழிலிலோ கூலியின்றிச் செய்யும் வேலை உட்பட’ என்ற சொற்கள் சேர்ந்ததற்குப் பின்னால் இத்தகைய நீண்ட வாதாட்டம் இருக்கிறது.

எண்களைப் பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பாக்க வேண்டும் என்று கேட்டதிலும் ஒரு பெண் உண்டு. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் நம் பாடநூல்கள் கையில் விளக்கைக் கொடுத்துவிடுகின்றன. அவர் போர்க்கள மருத்துவமனைச் சாவுகளை வட்டப் படங்களாக வரைந்து அமைச்சர்களை வாயடைக்கச் செய்தவர். லண்டன் புள்ளியியல் கழகத்தின் முதல் பெண் உறுப்பினர். 1891இல் ஆக்ஸ்ஃபோர்டில் புள்ளியியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை வேண்டும் என்று ஃபிரான்சிஸ் கால்டனுக்கு எழுதினார். அந்த இருக்கை விடையளிக்க வேண்டிய கேள்விகளில், இந்திய மக்கள் வளமடைகிறார்களா வறியவர்களாகிறார்களா என்பதும் ஒன்று. திட்டம் கைகூடவில்லை. 1911இல், அவர் இறந்த மறு ஆண்டு, லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் உலகின் முதல் புள்ளியியல் துறை கார்ல் பியர்சன் தலைமையில் வந்தது. அதற்குப் பணம் கால்டன் விட்டுச்சென்றது. நோக்கம் இனமேம்பாட்டு ஆய்வு. யார் பிறக்கத் தகுந்தவர் என்று கணக்குப் போட வந்த துறையை வறியவர்களின் பக்கம் திருப்புவது பின்னால் வந்தவர்கள் வேலையாயிற்று.

நம் ஊருக்கு வருவோம். ‘அம்மா என்ன பண்றாங்க?’ என்று கேட்டால், ‘வூட்லதான் கீறாங்க மேடம், சும்மா’ என்பார்கள். ஒரு மாணவி அப்படிச் சொன்ன அம்மா, ஏஜெண்ட் கொண்டுவந்து கொட்டும் ஷூ அப்பர்களை ஜோடிக் கணக்கில் தைக்கிறவர். இன்னொருத்தியின் அம்மா பீடி சுற்றுகிறார், ஆயிரத்துக்கு இவ்வளவு என்று. தோல் தொழிற்சாலை வாசலில் ஷிஃப்டுக்கு நிற்கும் பெண்களையாவது எண்ணிவிடலாம். திண்ணையில் ஊசியோடு குந்தியிருப்பவரை எண்ண வேண்டுமென்றால் முதலில் மகளுக்கு அது வேலையாகத் தெரிய வேண்டும். தேசிய மாதிரி ஆய்வில் வீட்டு வேலை மட்டும் செய்பவருக்கு 92 என்று குறியீடு. விறகு, கீரை, மாட்டுத்தீவனம் சேகரித்து வீட்டுக்குத் தைக்கவும் செய்தால் 93. இரண்டும் உழைப்புப் படைக்கு வெளியேதான். காசுக்கு அப்பர் தைக்கிறவர் அந்த விதிப்படியே உழைப்பாளி. ஆனால் ‘சும்மா’ என்ற ஒரு சொல் போதும், 92 விழுந்துவிடும்.

2019 நேரப் பயன்பாட்டு ஆய்வை வைத்து ஒரு பாடம் நடந்தது. கூலியில்லா வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ‘எங்க அப்பா எங்க 97 நிமிஷம் செய்யுறாரு?’ என்று பின்பெஞ்சிலிருந்து குரல். நல்ல கேள்வி. அந்தச் சராசரி, வேலையில் கைவைத்தவர்களை மட்டும் கொண்டு போட்டது. பெண்களில் 81 விழுக்காட்டினர் கைவைத்தார்கள். ஆண்களில் 26 விழுக்காட்டினர்தான். எல்லோரையும் சேர்த்து வகுத்துப் பார் என்றார் தோழி. கைப்பேசி விரிதாளில் பிள்ளைகள் போட்டார்கள்: பெண்களுக்கு 243, ஆண்களுக்கு 25. எதால் வகுக்கிறோம் என்பதில் அரசியல் இருக்கிறது என்று நான் ஒரு மணி நேரம் பேசினாலும் இது ஏறியிருக்காது.

அதே விரிதாளைப் பார்வையற்ற மாணவி ஒருத்தி காதால் படித்தாள். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பு மென்பொருளை 2006இல் தொடங்கியவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர். தமிழையும் அது வாசிக்கும், சற்றே இயந்திரக் குரலில். வட்டப் படம் அவளுக்குப் பயனில்லை. அதனால் ஒவ்வொரு படத்தையும் இரண்டு வாக்கியத்தில் எழுத வேண்டும் என்று வகுப்புக்கே விதி வைத்தோம். படத்தைப் பார்த்து ‘பெண்கள் அதிகம்’ என்று நிறுத்திக்கொண்ட மற்றவர்களும், எவ்வளவு அதிகம், யாரைவிட என்று எழுதத் தள்ளப்பட்டார்கள். மதிப்பெண் ஏறியதா என்றால், சிலருக்கு. எழுத்து எல்லோருக்கும் ஏறியது.

2027 கணக்கெடுப்பு முதன்முறையாகக் கைப்பேசிச் செயலி வழியே நடக்கப்போகிறது. செயலி வேகமானது. ஆனால் கதவைத் தட்டுகிறவர் என்ன கேட்கிறாரோ அதைத்தான் அது வாங்கிக்கொள்ளும். கணக்கெடுக்கப் போகிறவர்களில் பள்ளி ஆசிரியர்கள் ஏராளம். எங்கள் மாணவிகளில் சிலர் நாளை அந்த வேலைக்குப் போவார்கள். கடைசி வாரத்தில் கேள்வியைத் திருத்தி எழுதுவதுதான் பயிற்சி. ‘வேலைக்குப் போறீங்களா?’ அடிபட்டது. ‘சம்பளம் வருதா?’ அதுவும் அடிபட்டது. ‘நேத்து விடிஞ்சதுலேர்ந்து படுக்குற வரைக்கும் இன்னான்னா செஞ்சீங்க?’ என்பது நின்றது. உருது பேசும் பிள்ளைகள் அதை வீட்டு உருதுவில் மாற்றிக்கொண்டு போனார்கள். மறுநாள் வந்த தாள்களில் ஒன்றில், காலை நான்கரைக்குத் தண்ணீர் பிடிப்பதில் தொடங்கிய வரிசை பக்கத்தைத் தாண்டி, ஓரத்தில் பக்கவாட்டாக எழுதப்பட்டிருந்தது.