காகபாதம்

வைரம் வாங்கப் போகிறவர் முன்னால் நகைக்கடைக்காரர் இன்று கல்லோடு ஒரு சான்றிதழையும் எடுத்து வைக்கிறார். எடை, நிறம், தெளிவு, வெட்டு என்ற நான்கும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். நிறத்துக்கும் தெளிவுக்கும் அமெரிக்க இரத்தினவியல் நிறுவனம் 1953இல் வகுத்த தரவரிசையே பெரும்பாலும் வழங்குகிறது. ஆனால், இந்தப் பார்வையே அமெரிக்காவில் பிறந்தது என்று எண்ணிவிடலாகாது. நேயர்கள் சிலப்பதிகாரத்தைக் கையில் எடுத்தால் போதும்.

அதன் பதினான்காவது காதை ஊர்காண் காதை. கண்ணகியைக் கவுந்தியடிகளிடம் இருத்திவிட்டுக் கோவலன் தனியே மதுரையைச் சுற்றிப் பார்க்கிறான். மணிக்கடை வீதியை வருணிக்க வந்த இளங்கோவடிகள் வைரத்தையே முதலில் எடுக்கிறார். அதன் ஒளியைச் சொல்லுமுன் அதில் இருக்கலாகாத குற்றங்களைச் சொல்கிறார். காகபாதம், களங்கம், விந்து, ஏகை. காக்கைக் கால்போலக் கிளைத்த கீறல், கறை, புள்ளி, கோடு. பத்து மடங்கு பெருக்கும் வில்லையைக் கண்ணில் வைத்து இன்றைய வணிகர் தேடுவதும் ஏறக்குறைய இவற்றைத்தான். நிறத்தைப் பழைய நூலார் நான்கு வருணமாக்கிச் சாதியோடு முடிந்துவிட்டார்கள். அது நமக்கு வேண்டாம். எடைக்கு ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் இருக்கிறார். பிருகத் சம்ஹிதையில் அரிசிமணிக் கணக்கில் வைரத்தை நிறுத்து விலையே போட்டிருக்கிறார். எடை குறையக் குறைய விலை அதைவிட வேகமாக விழுகிறது. இன்றைய சந்தையிலும் அப்படித்தான்.

பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டா, பீஜப்பூர்ச் சுரங்கங்களுக்கு வந்தவர் தவர்னியே என்ற பிரெஞ்சு வணிகர். 1676இல் அவர் வெளியிட்ட பயண நூலில் சுவையான செய்தி ஒன்று உண்டு. ஐரோப்பியர் பகல் வெளிச்சத்தில் கல்லைச் சோதிக்க, இந்திய வணிகர் இரவிலே சோதித்தனராம். சுவரில் ஓரடிச் சதுரமாகக் குழி குடைந்து, தடித்த திரியிட்ட விளக்கை அதில் வைத்து, விரலிடையே கல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். அவர்கள் பார்த்தது கல்லின் 'நீர்'. நாம் நீரோட்டம் என்கிறோமே, அதுதான்.

வணிகரின் பிள்ளைகள், பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள், இடுப்பில் எடைக்கற்களும் பணப்பையுமாக மரத்தடியில் கூடியிருப்பார்களாம். யாராவது கல் கொண்டுவந்தால் மூத்தவன் பார்ப்பான். பிறகு வாய் திறவாமல் கைமாறிக் கைமாறி அவனிடமே அது திரும்பும். விலை கூடக் கொடுத்து அவன் ஏமாந்தால் நட்டம் அவன் தலையில். இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் இருந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்!

பழைய நூலார் அதிகம் பேசாதது வெட்டைப் பற்றி. ஆறு முனை, எட்டு முகம், பன்னிரண்டு விளிம்பு என்று இயற்கையாய் அமைந்த கல்லையே அவர்கள் உயர்வாகக் கொண்டார்கள். பட்டைகள் எந்தக் கோணத்தில் அமைந்தால் ஒளி முழுதும் மேலே திரும்பும் என்று மார்செல் தொல்கோவ்ஸ்கி கணக்கிட்டு எழுதியது 1919இல். மேற்சொன்ன அமெரிக்க நிறுவனம் வெட்டுக்குத் தரம் குறிக்கத் தொடங்கியதோ 2006இல்தான். அடிப்பாகம் அளவுக்கு மீறி ஆழமாக வெட்டிய கல்லில் ஒளி கீழே ஒழுகிவிடும். நடு இருண்டு கிடக்கும். குற்றமற்ற கல்லாயிருந்தும் பயனில்லை. ஆகவே வாங்குகிறவர் முதலில் வெட்டைப் பார்க்கட்டும்.

இன்னொன்றும் நாம் அறிந்திருக்கவேண்டும். மாத்தறை வைரம் என்று நம் நாட்டில் பெயர் பெற்றது வைரமன்று. நிறமற்ற சேர்க்கோன் கல். வில்லை வைத்து மேலிருந்து சற்றுச் சாய்வாகப் பார்த்தால் பின்பக்க விளிம்புகள் இரட்டைக் கோடாகத் தெரியும். வைரத்தில் அப்படித் தெரியாது.

மதுரைக்கே திரும்புவோம். கோவலன் மறுமுறை நகருக்குள் வந்தது சிலம்பு விற்க. குற்றமறிந்த மணி வணிகர் வீதி அவனுக்குத் தெரியும். அவர்களில் எவரையும் அவன் நாடவில்லை. வழியில் எதிர்ப்பட்ட பொற்கொல்லனிடமே சிலம்பைக் காட்டி, இதற்கு விலைமதிக்க முடியுமா என்று கேட்டான். அரசனும் அந்தப் பொற்கொல்லன் சொல்லையே கேட்டான். சிலம்புக்குள் இருப்பது முத்தா மாணிக்கமா என்று பார்த்தது, கோவலன் இறந்த பிறகு, கண்ணகி அதை உடைத்தபோது.