டர்போ வாகனத்தின் ஸ்பார்க் பிளக்கை நாமே மாற்றலாம்: பழைய கைப்பழக்கம் இங்கே உதவாது

பொருளாதாரத் தடைக் காலத்தில் வடக்கில் வாழ்ந்தவர்களுக்கு ஸ்பார்க் பிளக் கழற்றச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய நாட்கள் அவை. கரி பிடித்த பிளக்கை சாண்ட் பேப்பரால் தேய்த்து, இடைவெளியைத் தட்டிச் சரிசெய்து மீண்டும் பூட்டுவது அன்றாட வேலை. எங்கள் கிழக்குக் கரையில் மண்ணெண்ணெயில் ஓடும் படகு எஞ்சின்களுக்கு இன்றும் அதே வைத்தியம்தான்.

ஆனால் நிந்தவூர் வழியாக கல்முனைக்கும் அக்கரைப்பற்றுக்கும் ஓடும் சிறிய ஜப்பான் கார்களிலும் வான்களிலும் சில, 660 சிசி டர்போ எஞ்சின் கொண்டவை. அந்த வைத்தியம் இவற்றைக் கெடுத்துவிடும். வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. இருக்கிற வாகனத்தையே காப்பாற்றி ஓட்டியவர்கள் பலர். லீசிங் கட்டிக்கொண்டு ஹயர் ஓடும் குடும்பத்துக்கு எஞ்சின் பழுது என்பது அந்த மாதத்துச் சோறு. என் வீட்டு வாகனத்தில் நானே செய்யும் முறையை இங்கே தருகிறேன்.

முதலில் ஒன்று: உங்கள் டர்போ வாகனம் டீசலா? அப்படியானால் அதில் ஸ்பார்க் பிளக்கே இல்லை. இருப்பது ஹீட்டர் பிளக். அது வேறு வேலை.

டர்போவில் என்ன வித்தியாசம்?

டர்போ, காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. அடர்ந்த காற்றில் தீப்பொறி தாண்டுவது கடினம்; அதனால் பிளக் முனையின் இடைவெளி குறைவாக இருக்கும். சாதாரண எஞ்சினில் ஏறத்தாழ 1 மி.மீ. என்றால், டர்போவில் பெரும்பாலும் 0.7 அல்லது 0.8. உள்ளே வெப்பமும் அதிகம். அதை விரைவாக வெளியேற்றும் ‘குளிர்’ வகை பிளக் வேண்டும். என்ஜிகே, டென்சோ இரண்டிலும் வெப்ப எண் கூடினால் குளிர் வகை. என்ஜிகே 7, டென்சோ 22-க்குச் சமம். பொஷ் பிளக்கில் இது தலைகீழ். டர்போ இல்லாத அதே மொடலின் பிளக்கைப் போட்டால் பிஸ்டனே உருகக்கூடும். எனவே கடையில் மொடல் பெயரை மட்டும் சொல்லாதீர்கள். கைநூலில் உள்ள பிளக் இலக்கத்தைக் காட்டுங்கள்.

வேலை

எஞ்சின் முழுமையாக ஆறியிருக்க வேண்டும். காலையில் தொடங்குவதே நல்லது. சூடான அலுமினிய ஹெட்டில் பிளக்கைத் திருகினால் மரை போய்விடும். பெற்றரியின் நெகடிவ் வயரைக் கழற்றுங்கள்.

பல டர்போ வாகனங்களில் கொயிலுக்கு மேலே காற்றுக் குழாயோ இன்டர்கூலரோ மறைத்து நிற்கும். அதைக் கழற்றியதும் திறந்த வாயைச் சுத்தமான துணியால் கட்டுங்கள். ஒரு சிறு நட் உள்ளே விழுந்தாலும் டர்போவின் விசிறி சிதைந்துவிடும்.

கடற்கரை ஊர்களில் பிளக் குழியில் மணல் தங்கும். சைக்கிள் பம்பால் ஊதி எடுத்த பிறகே பிளக்கைத் திருகுங்கள். உப்புக் காற்றில் கொயில் கனெக்டரின் பூட்டு முறுகிப்போயிருக்கும். இழுக்காமல் அழுத்தி விடுவியுங்கள். ஒரு சிலிண்டரை முடித்த பிறகே அடுத்ததைத் தொடுங்கள்.

கழற்றிய பிளக்கைப் பாருங்கள். இளம் பழுப்பு நிறம் நல்லது. உலர்ந்த கரி என்றால் எரிபொருள் அதிகம், அல்லது குறுந்தூர ஓட்டம் மட்டுமே. முனை எண்ணெயில் நனைந்திருந்தால் எஞ்சின் எண்ணெய் உள்ளே போகிறது. வெள்ளையாக வெந்திருந்தால் அதிக வெப்பம். பின்னைய இரண்டுக்கும் புது பிளக் மட்டும் தீர்வல்ல.

இரிடியம் பிளக்கைத் தேய்க்கவோ, தட்டவோ கூடாது. அதன் நடுமுனை ஊசிபோல மெலிந்தது, ஒடிந்துவிடும். இடைவெளியை அளந்து மட்டும் பாருங்கள். பிழையென்றால் கடைக்கே திருப்பிக் கொடுங்கள்.

புது பிளக்கை ஒரு ரப்பர் குழாயில் செருகி, கையால் திருகி இறக்குங்கள். இடையில் இறுகினால் பின்னோக்கித் திருப்பி மீண்டும் தொடங்குங்கள். மரைக்கு கிரீஸ் பூச வேண்டாம். அளவுக்கு மேல் இறுகிவிடும். கடைசி இறுக்கத்துக்கு டோர்க் ரென்ச்சை இரவலாவது வாங்குங்கள். அலுமினிய ஹெட்டில் 14 மி.மீ. மரைக்கு 25–30 நியூட்டன் மீற்றர், 12 மி.மீ.க்கு 15–20, 10 மி.மீ.க்கு 10–12. கைநூல் வேறு சொன்னால் கைநூலே சரி. ரென்ச் கிடைக்காவிட்டால், எவ்வளவு திருப்புவது என்று பிளக் பெட்டியில் படம் இருக்கும்.

காற்றுக் குழாயின் கிளிப்பை இறுக்கிய பிறகு எஞ்சினை எழுப்புங்கள். குழாய் கசிந்தால் சீறும் சத்தம் வரும், இழுவை குறையும். ‘செக் எஞ்சின்’ விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் உடனே நிறுத்துங்கள். எரியாத பெற்றோல் கற்றலிற்றிக் கொன்வேர்ட்டரை எரித்துவிடும்.

எப்போது கராஜுக்குப் போக வேண்டும்?

பழைய பிளக் அசையவே இல்லை என்றால், அல்லது மரையில் உலோகத் தூள் ஒட்டி வந்தால், அத்துடன் நிறுத்துங்கள். அங்கிருந்து பலம் கொடுத்தால் ஹெட்டைக் கழற்றும் செலவு வரும்.

கழற்றிய பிளக்குகளில் சிலிண்டர் இலக்கத்தை எழுதி, திகதி, கிலோமீற்றருடன் ஒரு பையில் வையுங்கள். பிறகு எஞ்சினில் கோளாறு வந்தால் மெக்கானிக்கிடம் முதலில் அந்தப் பையைக் கொடுங்கள். எந்த சிலிண்டரில் தேட வேண்டும் என்பது அவருக்கு உடனே விளங்கும்.