சூரிய நுண்துளைகளில் காந்தப்புல அலைவுகள்

கரும்புள்ளியைச் சுற்றி இழையிழையாகத் தெரியும் அரைநிழல் வளையம் இல்லாமல், சூரியப் பரப்பில் தனித்துக் கறுத்திருக்கும் சிறு பகுதிகள் நுண்துளைகள். குறுக்களவு சில ஆயிரம் கிலோமீட்டர். காந்தப்புலம் ஏறத்தாழ 2,000 காஸ். 1909இல் கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட் கண்டறிந்த கிடைமட்ட வாயு ஓட்டம் அரைநிழலுக்கே உரியது. அந்தக் குறுக்கீடு இல்லாததால் அலைவை ஆராய்வோருக்கு நுண்துளை வசதியான இடம்.

கரும்புள்ளிகளில் காந்தப்புலம் இருப்பதை நிறமாலைக் கோடுகளின் பிளவைக் கொண்டு ஜார்ஜ் ஹேல் மவுண்ட் வில்சனில் 1908இல் நிறுவினார். சூரியப் பரப்பு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவதை ராபர்ட் லெய்டன் குழுவினர் 1960களின் தொடக்கத்தில் கண்டனர். கரும்புள்ளிகளிலும் வேகமும் ஒளிர்வும் அலைவது அடுத்த பத்தாண்டுக்குள் தெரிந்துவிட்டது. காந்தப்புலமும் சேர்ந்து அலைகிறதா என்பதில்தான் வழக்கு நீண்டது.

காரணம், அளவீட்டிலேயே உள்ள சிக்கல். புலம் உயரே போகப்போகக் குறைகிறது. வாயுவின் வெப்பமும் அழுத்தமும் அலையும்போது, நிறமாலைக் கோடு உருவாகும் உயரமும் மாறுகிறது. கிணற்றில் தொங்கவிட்ட வெப்பமானி மேலும் கீழும் ஆடினால் நீரே சூடேறி ஆறுவதுபோலத் தோன்றுமல்லவா, அப்படித்தான் இதுவும். 1998இல் புரூஸ் லைட்ஸ் குழு ஒரு கரும்புள்ளியின் இருண்ட நடுப்பகுதியான கருநிழலில் ஐந்து நிமிட அலைவுக்கு 4 காஸ் என்ற மேல்வரம்பே தந்தது. பெல்லோட் ரூபியோ குழு 2000இல், தாங்கள் கண்ட ஏற்ற இறக்கத்துக்கு இந்த உயர மாற்றமே போதிய விளக்கம் என்றது. அந்த எச்சரிக்கை நியாயமானதே.

புவி வளிமண்டலக் கலக்கமில்லாத தொடர்ச்சியான அளவீட்டை 2006இல் ஏவப்பட்ட ஜப்பானின் ஹினோடே விண்கலம் தந்தது. அதைக் கொண்டு புஜிமுராவும் சுனேட்டாவும் 2009இல் நுண்துளைகளில் 3 முதல் 6 நிமிட அலைவுகளைக் காட்டினர். நுண்துளைகளிலும் அவற்றினும் சிறிய காந்தக் கூறுகளிலும் வீச்சு 4 முதல் 17 காஸ், அதாவது புலத்தில் ஒரு விழுக்காட்டை ஒட்டியதுதான். ஆனால் அவர்களுடைய வாதத்தின் வலு வீச்சில் இல்லை, கட்டத்தில் இருக்கிறது. புலமும் வேகமும் கால் சுற்று விலகியிருந்தன. மேலேறும் அலையும் எதிரொளித்துத் திரும்பும் அலையும் கலந்தால் இப்படி நிகழும். புலமும் ஒளிர்வும் மாறும் விதமோ உயர மாற்ற விளக்கத்துக்குப் பொருந்தவில்லை.

நுண்துளையை ஒரு காந்தக் குழாயாகக் கருதலாம். அத்தகைய குழாய் ஒரே மையத்தில் பருத்துச் சுருங்கும் அலைவகையை எட்வினும் ராபர்ட்ஸும் 1983இலேயே கோட்பாட்டில் விரிவாக ஆராய்ந்திருந்தனர். நுண்துளையின் பரப்பளவு கூடிக் குறைவதை டொரொடோவிச் குழு 2008இல் இந்த வகையோடு இணைத்தது. கிராண்ட் குழு 2015இல் அதே வகை அலைகளை சூரியப் பரப்புக்கு மேலுள்ள நிறமண்டலம் நோக்கிப் பின்தொடர்ந்தபோது, அவற்றின் ஆற்றலில் பெரும்பகுதி வழியிலேயே குறைந்துவிடுவது தெரிந்தது.