தோட்டப் பள்ளியும் கல்விச் செலவும்

ஒரு நாட்டின் கல்வி வரலாறு பெரும்பாலும் அறிக்கைகளையும் பாடத்திட்டங்களையும் கொண்டே எழுதப்படுகிறது. பள்ளியின் செலவை யார் ஏற்றனர் என்னும் கணக்கைப் புரட்டினால், அவ்வரலாற்றின் மற்றொரு பக்கம் புலனாகும். நெகிரி செம்பிலான் தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகள் இதற்குத் தக்க சான்றாகும்.

ரந்தாவ், லாபு, போர்ட்டிக்சன் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகிய காலத்தில், பாட்டாளிப் பிள்ளைகளின் படிப்பு தோட்ட நிருவாகத்தின் மனப்போக்கையே சார்ந்திருந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ உள்ள தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆயினும் கல்வியின் தரத்திற்கு அச்சட்டம் காவலாகவில்லை. பல தோட்டங்களில் ஒற்றைக் கொட்டகையே பள்ளி. எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியர்.

1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் 1957ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளியைத் தேசியக் கல்விமுறைக்குள் கொணர்ந்தன. ஆசிரியர் ஊதியம் அரசின் பொறுப்பாயிற்று. பள்ளி நின்ற நிலமோ தோட்டத்தின் உடைமையாகவே இருந்தது. முழு உதவி, பகுதி உதவி என்னும் பாகுபாடு இதனாலேயே வேரூன்றியது. தனியார் நிலத்தில் நின்ற பள்ளிக்குக் கூரை மாற்றவும் வகுப்பறை கட்டவும் வாரியமும் பெற்றோரும் பொருள் திரட்ட வேண்டியதாயிற்று. லின்சம், கொம்போக், சுவா பெத்தோங் எனப் பள்ளிகள் தாங்கி நிற்கும் தோட்டப் பெயர்கள் அப்பழைய உறவை இன்றும் நினைவூட்டுகின்றன.

இந்நிலையில்தான் கணினிக் காலம் பிறந்தது. நீலாய்க்கு அண்மையில், அண்டை மாநில மண்ணில் சைபர்ஜெயா எழுந்த 1997ஆம் ஆண்டில் விவேகப் பள்ளித் திட்டம் வகுக்கப்பெற்றது. 2003இல் கணிதமும் அறிவியலும் ஆங்கிலத்தில் புகுத்தப்பட்டபோது மடிக்கணினிகளும் ஒளிபடக் கருவிகளும் பள்ளிகளுக்கு வந்தன. 2011இல் ஏறத்தாழ 10,000 பள்ளிகளை இணையத்தால் பிணைக்க 1பெஸ்தாரிநெட் திட்டம் தொடங்கியது. அதன் கற்றல் தளம் மிகக் குறைவாகவே பயன்படுத்தப்பட்டதாகத் தலைமைக் கணக்காய்வாளரின் அறிக்கை சுட்டியது. 2019ஆம் ஆண்டின் நடுவில் அத்திட்டம் முடிவுற்றது.

மறு ஆண்டே கொள்ளைநோய் பள்ளிக் கதவுகளை அடைத்தது. வீட்டிலிருந்து கற்க வேண்டிய நிலையில் கருவியற்ற பிள்ளைகள் பின்தங்கினர். 500 பள்ளிகளைச் சேர்ந்த 150,000 மாணவர்க்குக் கருவிகள் வழங்க, அரசுசார் நிறுவனங்களின் 15 கோடி வெள்ளியில் செர்டிக் திட்டம் அறிவிக்கப்பெற்றது. நாட்டு மாணவர் தொகையோ பல இலட்சம்.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. கருவி ஒருமுறை வாங்கப்படும். மின்கம்பியும் ஒழுகாத கூரையும் பழுதுபார்ப்பும் ஆண்டுதோறும் பொருள் வேண்டுவன. முதற்செலவைப் பொதுப்பணம் ஏற்று, தொடர்செலவைப் பெற்றோரின் நன்கொடைக்கு விட்டுவிட்டால், 1923இல் சட்டம் செய்த பிழையே புது வடிவில் தொடரும். பள்ளிக்குக் கணினி வருகிறது என்று மகிழும் ஆசிரியரும் வாரியத்தினரும், ஐந்தாம் ஆண்டில் அதனைப் பேணப்போகிறவர் யார் என்பதையும் எழுத்தில் கேட்டுப் பெறுதல் கடமையாகும்.