கூலூம் விதி வந்த வழி

இரு மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை அவற்றின் பெருக்கற்பலனுக்கு நேர்த்தகவிலும், இடைத்தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவிலும் இருக்கும். பிளஸ் டூ மாணவர்கள் படிக்கும் இந்த விதியை 1785இல் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தவர் சார்ல் அகஸ்டின் தெ கூலூம். ஆனால் அந்த ‘இருமடி’ அதற்கு முன்பே குறைந்தது மூன்று பேருக்குப் பிடிபட்டிருந்தது.

தொடக்கம் பெஞ்சமின் ஃபிராங்க்ளினின் ஒரு வியப்பு. மின்னூட்டிய வெள்ளிக் குவளைக்கு வெளியே பட்டுநூலில் தொங்கவிட்ட தக்கைப் பந்து அதனால் ஈர்க்கப்பட்டது. உள்ளே இறக்கினால் எந்த ஈர்ப்பும் இல்லை. காரணம் அவருக்குத் தெரியவில்லை. அவர் கேட்டுக்கொண்டபடி சோதனையைத் திரும்பச் செய்த ஜோசப் பிரீஸ்ட்லி 1767இல் விடை சொன்னார். உள்ளீடற்ற கோளத்தின் உள்ளே ஈர்ப்புவிசை இராது என்று நியூட்டன் நிறுவியிருந்தார். அப்படியானால் மின்விசையும் இருமடி எதிர்த்தகவு விதிக்கே கட்டுப்பட வேண்டும். அளவுகோல் எதையும் தொடாமல் செய்த ஊகம் இது. இரண்டு ஆண்டுகளில் எடின்பரோவின் ஜான் ராபிசன் விலக்குவிசையை அளந்து, அடுக்கு 2.06 என்று கண்டார், உடனே அச்சிடவில்லை.

ஹென்றி கேவண்டிஷ் அச்சிடவே இல்லை. 1770களின் தொடக்கத்தில் அவர் வெள்ளீயத் தாள் போர்த்திய ஒரு கோளத்தைச் சுற்றி இரண்டு அரைக்கோளங்களை மூடி, உள்ளும் புறமும் கம்பியால் இணைத்து மின்னூட்டினார். பிறகு இணைப்பை எடுத்து, உறையைப் பிரித்து, உள்கோளத்தைச் சோதித்தார். அதில் மின்னூட்டம் தென்படவில்லை. அடுக்கு இரண்டிலிருந்து ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் விலகியிருக்க முடியாது என்பது அவர் கணக்கு. மனிதரோடு பேசவே கூசிய அந்தச் செல்வந்தரின் கையெழுத்துப் படிகளை இயற்பியலாளர் மாக்ஸ்வெல் பதிப்பித்து வெளியிட்டபோது ஆண்டு 1879.

கூலூம் ராணுவப் பொறியாளர். மார்ட்டினிக் தீவில் கோட்டை கட்டியவர். மெல்லிய கம்பியை முறுக்கினால் அது எதிர்க்கும் திறன் முறுக்குக் கோணத்துக்கு நேர்த்தகவில் இருக்கும் என்று 1784இல் நிறுவினார். கோணத்தைப் படித்தால் விசையைப் படித்ததாயிற்று. முறுக்குத் தராசு இப்படித்தான் பிறந்தது. கண்ணாடி உருளைக்குள் வெள்ளிக் கம்பியில் தொங்கிய குச்சியின் முனையில் நெட்டிப் பந்து ஒன்று. அருகே அசையாத பந்து இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே வகை மின்னூட்டம் ஏற்றியதும் தொங்கும் பந்து 36 பாகை விலகி நின்றது. அந்த இடைவெளியை 18 பாகையாகக் குறைக்க, கம்பியின் மேல்முனையை 126 பாகை திருப்ப வேண்டியிருந்தது: மொத்த முறுக்கு 144, அதாவது நான்கு மடங்கு. எட்டரைப் பாகைக்குக் கொண்டுவர மொத்த முறுக்கு 575.5 ஆயிற்று, ஏறத்தாழ பதினாறு மடங்கு. அவர் அச்சிட்டது இந்த மூன்று அளவீடுகளைத்தான். ஓர் இயற்கை விதிக்கு இது மெலிந்த சான்று என்றே சொல்ல வேண்டும். பின்னாளில் அதே கருவியைச் செய்து பார்த்தவர்களுக்கு இவ்வளவு ஒழுங்கான எண்கள் எளிதில் கிட்டவில்லை. எதிரெதிர் மின்னூட்டங்களின் ஈர்ப்பை அளக்கவோ இந்த முறை சரிப்படவில்லை; பந்துகள் ஓடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அதற்கு, மின்னூட்டிய கோளத்தின் முன் தொங்கும் ஊசியின் அலைவு நேரத்தை அளந்தார்.

இந்த விதியில் மின்னூட்டங்களுக்கு நடுவே உள்ள வெளிக்கு எந்தப் பங்கும் இல்லை; விசை தொலைவைத் தாண்டித் தானே வந்து சேர்கிறது. இதை ஏற்காதவர் மைக்கேல் ஃபாரடே. புத்தகம் கட்டும் தொழில் பழகி, கணிதம் முறையாகப் படிக்காமலே வளர்ந்த அவர், மின்னூட்டத்தைச் சுற்றியுள்ள இடம் முழுவதிலும் விசைக்கோடுகள் பரவியிருப்பதாகக் கண்டார். 1850களில் மாக்ஸ்வெல் அந்தக் கோடுகளுக்குக் கணித வடிவம் கொடுக்கத் தொடங்கினார். இன்றைய பாடத்தின் மின்புலம் அந்த வழியில் வந்தது. பாடப்புத்தகம் கூலூமையும் ஃபாரடேயையும் அடுத்தடுத்த பக்கங்களில் வைப்பதால், இரண்டும் எதிரெதிர்ப் பார்வைகளாக இருந்தவை என்பது மாணவருக்குத் தெரிவதில்லை.

1881இல் பாரிஸில் கூடிய மின்னியல் மாநாடு மின்னூட்டத்தின் அலகுக்குக் கூலூமின் பெயரைச் சூட்டியது. விதியைத் துல்லியமாகச் சோதிக்க வந்தவர்களோ கேவண்டிஷின் வழியையே பிடித்தார்கள். ஒன்றுக்குள் ஒன்றாக உலோகக் கூடுகளை வைத்துச் சோதித்து வில்லியம்ஸ், ஃபாலர், ஹில் என்ற மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் 1971இல் வெளியிட்ட முடிவின்படி, தசமப் புள்ளிக்குப் பின் 15 இடங்கள் வரை அந்த அடுக்கு 2தான்.