பங்கு போடுதலும் பகிர்ந்துகொள்ளுதலும்

செய்திக்கு எல்லையில்லை என்பர். ஆனால் செய்திக்கு உடைமையாளர் இருந்தனர் என்பதை வரலாறு காட்டுகின்றது. 1870 ஆம் ஆண்டில் இலண்டனின் ரொய்ட்டர், பரிஸின் ஹவாஸ், பேர்லினின் வொல்ஃப் ஆகிய ஸ்தாபனங்கள் ஒப்பந்தமொன்றினால் உலகையே தமக்குள் பங்கு போட்டுக்கொண்டன. பிரித்தானிய சாம்ராச்சியம் ரொய்ட்டரின் பங்காயிற்று. இலங்கையும் அதனுள் அடங்கியது. அடிமைப்பட்ட நாடுகளின் மக்கள் ஒருவரையொருவர் ஏகாதிபத்தியத்தின் கண்கொண்டே காண நேர்ந்தது.

விடுதலை பெற்ற நாடுகள் இந்நிலையை எதிர்த்தமை இயல்பே. 1975 இல் யூகோசிலாவியாவின் தன்யுக் ஸ்தாபனம் அணிசேரா நாடுகளின் செய்திக் கூட்டிணைப்பைத் தொடக்கிவைத்தது. 1976 ஓகஸ்டில் கொழும்பில் கூடிய உச்சிமகாநாடு அதனை அங்கீகரித்தது. நோக்கம் நியாயமானது. ஆயினும் செய்தி வழங்கியவை பெரும்பாலும் அரசாங்க ஸ்தாபனங்களே. அமைச்சர்களின் உரைகள் எளிதில் எல்லை கடந்தன. அவர்களை எதிர்த்த மக்களின் குரல்கள் அவ்வாறு கடக்கவில்லை. தொண்ணூறுகளில் அக்கூட்டிணைப்புச் செயலிழந்தது.

அரசுகள் செய்யாததைப் பத்திரிகையாளர் தாமே செய்ய முற்பட்டனர். பனாமாவிலிருந்த சட்ட நிறுவனமொன்றின் 1 கோடியே 15 இலட்சம் ஆவணங்கள் ஜேர்மனியப் பத்திரிகையொன்றுக்குக் கிட்டின. பிறரை முந்தித் தானே வெளியிடுவது இத்தொழிலின் பழைய வழக்கம். அப்பத்திரிகையோ, புலனாய்வுப் பத்திரிகையாளரின் சர்வதேசக் கூட்டமைப்பு மூலம் அவற்றை 70 இற்கு மேற்பட்ட நாடுகளின் பத்திரிகையாளருடன் பகிர்ந்துகொண்டது. மியூனிச்சில் இருப்பவருக்கு வெறும் பெயராகத் தோன்றுவது, அவ்வந்நாட்டவருக்கு ஓர் அமைச்சரின் மைத்துனன் எனத் தெரியவரும். மூலதனம் எல்லை கடந்து ஒளியுமாயின், அதனைத் தேடுவோரும் எல்லை கடந்து இணையவேண்டும் அன்றோ? 2016 ஏப்பிரல் 3 இல் யாவரும் ஒருமித்து வெளியிட்டனர். சில நாட்களில் ஐஸ்லாந்தின் பிரதமர் பதவி விலகினார்.

இதற்கு விலையும் கொடுக்கப்பட்டது. அரசியல்வாதிகளின் பனாமாக் கம்பனிகளை அம்பலப்படுத்திய மோல்டா நாட்டின் டஃப்னி கருவானா கலிசியா, 2017 ஒக்ரோபர் 16 இல் கார்க் குண்டுக்குப் பலியானார். அடுத்த ஆண்டில் பல நாட்டுப் பத்திரிகையாளர் ஒன்றுகூடி அவர் விட்ட பணியைத் தொடர்ந்தனர். ஒருவர் அறிந்ததைப் பலர் அறியும்போது அவரைக் கொல்வதனாற் பயனில்லாது போகின்றது. பகிர்தல் இங்கு பெருந்தன்மை மட்டுமன்று, பாதுகாப்பும் ஆகும்.

இவ்வரலாறு நமக்கும் உரியது. நம் நாட்டில் எல்லை கடலில் மட்டும் இல்லை. சிங்களப் பத்திரிகைக்கும் தமிழ்ப் பத்திரிகைக்கும் இடையிலும் இருக்கின்றது. ஒரு மொழியில் எழுதப்படும் உண்மை மறு மொழி வாசகனை அடையாதவரை, நம்மைப் பங்கு போடுவோருக்கு ஒப்பந்தம் எதுவும் தேவைப்படாது.