தற்கருவுறுதல்

ஒரே உயிரின் ஆண் அணுவும் பெண் அணுவும் இணைந்து கரு உண்டாவது தற்கருவுறுதல். செடிகளில் இது பரவலாகக் காணப்படுகிறது; விலங்குகளில் இருபாலுயிரிகள் சிலவற்றோடு நின்றுவிடுகிறது. நெல், கோதுமை, பட்டாணி, நிலக்கடலை எல்லாம் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே விதை பிடிப்பவை. நெற்பூ முற்பகலில் சிறிது நேரமே உமி விரிந்திருக்கும். விரியும் தறுவாயிலேயே ஆறு மகரந்தப் பைகளும் வெடித்துச் சொந்தச் சூல்முடியின் மேல் தூளைக் கொட்டிவிடுவதால், காற்றில் வரும் அயல் மகரந்தத்துக்குப் பொதுவாக 1 விழுக்காடு வாய்ப்புகூட மிஞ்சுவதில்லை. கானாவாழை மண்ணுக்கடியில் திறவாப் பூக்களை வைத்து அங்கேயே விதையை முற்றவிடுகிறது.

இவ்வழி கேடானது என்ற கருத்துக்கு வலுவான சான்று தந்தவர் சார்லஸ் டார்வின். 11 ஆண்டுச் சோதனைகளைத் தொகுத்து 1876இல் அவர் வெளியிட்ட நூலின்படி, இப்போமியா பர்பூரியா கொடியில் அயல் சேர்க்கையில் பிறந்தவற்றின் உயரம் 100 என்றால் தற்சேர்க்கையில் பிறந்தவை 77தான். இது 10 தலைமுறைகளின் சராசரி. ஆனால் 6ஆம் தலைமுறையில் தற்சேர்க்கைக் கொடி ஒன்று தன் போட்டிக் கொடியை முந்தியது. டார்வின் அதற்கு ‘ஹீரோ’ என்று பெயரிட்டார். அதன் சந்ததியும் செழித்தது. இதை வெறும் விதிவிலக்கென்று தள்ளுவது சரியல்ல. தற்கருவுறுதல் புதிதாக நோய் எதையும் உண்டாக்குவதில்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு மரபணு இணைகள் பாதியாகக் குறைய, ஒடுங்கிக் கிடந்த குறைகள் இரட்டித்து வெளிப்படுகின்றன. கடுமையான குறையுள்ளவை மடிகின்றன. தப்பியவை அந்தச் சுமை குறைந்து வாழ்கின்றன. ஆகவே பழக்கத்துக்குள் நுழையும்போதுதான் ஆபத்து அதிகம்.

அப்படியென்றால் கலப்பின நெல் ஏன் அதிகம் விளைகிறது? சீனாவில் யுவான் லோங்பிங் குழுவினர் 1970இல் ஹைனான் தீவில் கண்ட ஆண்மலட்டுக் காட்டு நெல்லிலிருந்து வளர்ந்த தொழில்நுட்பம், அயல் சேர்க்கையின் பலனை நெல்லிலும் காட்டியது உண்மையே. கடுமையான குறைகள் சலிக்கப்பட்டாலும் சில்லறைக் குறைகள் தங்கிவிடுகின்றன. மரபுவழிக்கு மரபுவழி அவை வேறுபடுவதால், கலக்கும்போது ஒன்றின் குறையை மற்றொன்று மறைக்கிறது.

இதைவிடக் கடினமான கேள்வி, எல்லாச் செடியும் ஏன் இவ்வழிக்கு மாறவில்லை என்பது. ரொனால்ட் ஃபிஷர் 1941இல் காட்டிய கணக்குப்படி, தன் விதைக்கு இரண்டு பங்கும் அயல் செடிக்கு மகரந்தமாக ஒரு பங்குமாக, தற்கருவுறும் செடி மூன்று பங்கு மரபணுவைக் கடத்துகிறது, மற்றது இரண்டுதான். துணையில்லாத் தீவிலும் ஒற்றை விதை குடியேறிவிடும். இந்த ஆதாயம் உடனடியானது, இழப்பு மெதுவானது. மாறுபாடு வற்றிய மரபுவழி, சூழல் மாறும்போது திணறுகிறது. கத்தரிக் குடும்பத்தில் தன் மகரந்தத்தை மறுக்கும் மரபுவழிகளே நீண்ட காலத்தில் அதிகமாகக் கிளைத்துள்ளன என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது.

தற்கருவுறுதலில் ஊறிய விலங்குகளும் வாசலை முழுதாக அடைத்துவிடவில்லை. சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்ற நுண்புழு இளமையில் சுமார் 300 விந்தணுக்களைச் சேமித்துக்கொண்டு, பிறகு முட்டைக்கு மாறுகிறது. ஆயினும் ஆயிரத்தில் ஒன்றிரண்டு ஆணாகப் பிறக்கின்றன. முதுகெலும்பிகளில் வழக்கமாகத் தற்கருவுறும் அலையாத்திக் கில்லி மீனுக்கு ஃபுளோரிடாவில் ஆண்கள் மிக அரிது. பெலீஸ் நாட்டுத் தீவுகளில் கணிசமாக உண்டு, அங்கே அயல் சேர்க்கையும் நடக்கிறது.